பத்து நாள் குஞ்சைக் கூட்டிலிருந்து எடுக்கலாமா?

இங்கிலாந்தில் வசிக்கும் ஒரு வாசகரின் கேள்வி இது: "என்னிடம் ஒரு ஜோடி ஹாரிஸ் பருந்து இருக்கிறது. முதல் முறையாக மூன்று குஞ்சு பொரித்திருக்கிறது. ஒன்றை வேட்டைக்குப் பழக்க ஆசை. பத்தாம் நாளே எடுத்துக் கையால் ஊட்டினால் நாய்க்குட்டி மாதிரி ஒட்டிக்கொள்ளும் என்கிறார் நண்பர். செய்யலாமா? என்ன தீனி கொடுப்பது?"

எடுக்காதீர்கள். தாயும் தகப்பனும் ஒழுங்காக ஊட்டிக்கொண்டிருக்கும்போது குஞ்சைப் பிரிப்பதைப் போன்ற கெடுதல் வேறில்லை. நானே ஆரம்பத்தில் இந்தத் தவறைச் செய்தேன். பன்னிரண்டு நாளில் எடுத்த குஞ்சு, பெரிதான பிறகும் என்னைப் பார்த்தாலே விடாமல் கத்தும், கையுறையில் இரை கிடைத்ததும் இறக்கையை விரித்து மூடிக்கொண்டு என் முகத்தை நோக்கிப் பாயும். அதன் மேல் குற்றமில்லை, முதல் சில வாரங்களில் யார் ஊட்டுகிறார்களோ அவர்கள்தான் தன் இனம் என்று குஞ்சின் மூளையில் பதிந்துவிடுகிறது (இதைத்தான் இம்ப்ரின்ட் என்கிறார்கள்), அதனால் வளர்ந்த பின்னும் உங்களிடம் தீனி கேட்டுக் கத்தும், அப்புறம் இரைக்குப் போட்டி போடும் கூடப்பிறந்ததாகவே உங்களைப் பார்க்கும். பழக்கம் வேறு, இந்தப் பதிவு வேறு. ஹாரிஸ் பருந்து கையில் பழகுவதற்கு இம்ப்ரின்ட் தேவையே இல்லை.

இந்தப் பறவையின் இயல்பையும் யோசியுங்கள். அமெரிக்காவின் அரிசோனா, டெக்சாஸ் பக்கமிருந்து தென் அமெரிக்கா வரை வாழ்வது, குடும்பமாகச் சேர்ந்து வேட்டையாடுவது. வேட்டையாடும் பறவைகளில் இது அபூர்வம். பறக்கத் தொடங்கிய குஞ்சுகள் மாதக்கணக்கில் பெற்றோரோடு இருக்கும், அவையும் விரட்டாது. ஆகவே 12 முதல் 16 வாரம் வரை பெற்றோரின் கூண்டிலேயே விடுங்கள். அதற்குப் பிறகு எடுத்து, தினமும் தராசில் நிறுத்து, கையுறையில் அமர்த்தி ஊட்டி, நீளக் கயிறு கட்டி அழைத்துப் பழக்குங்கள், பொறுமையிருந்தால் சில வாரங்களில் உங்களிடம் பறந்து வரும். பசியில் சீக்கிரம் பழகட்டும் என்று எடையை ஒரேயடியாகக் குறைக்காதீர்கள், சின்ன வயதில் பட்டினி போட்ட பறவையும் கத்தத் தொடங்கும்.

இப்போது உங்கள் வேலை தீனியைச் சரியாகக் கூட்டில் சேர்ப்பதுதான். காடை, எலி, ஒருநாள் கோழிக்குஞ்சு, இவற்றில் எதுவானாலும் முழுசாகக் கொடுங்கள். வெறும் சதை மட்டும் கொடுக்கக் கூடாது, அதில் கால்சியம் மிகக் குறைவு, வேகமாக வளரும் குஞ்சின் கால் எலும்பு வளைந்துவிடும், பிறகு நிமிர்த்துவது மிகக் கடினம். புறா வேண்டாம், அதன் தொண்டையில் இருக்கும் கிருமி பருந்தின் வாயில் புண்ணை உண்டாக்கும். துப்பாக்கியில் சுட்ட பறவை, முயலையும் தவிர்த்துவிடுங்கள், உடலில் தங்கிய ஈயத் துண்டு ஒன்று போதும் பருந்தைக் கொல்ல.

காலில் மூடிய வளையம் (இணைப்பில்லாத அடையாள வளையம்) போடுவதானால் பத்து நாள் வாக்கில்தான் போட முடியும், பாதம் பெரிதாகிவிட்டால் நுழையாது. அந்த ஒரு காரணத்துக்காக எடுத்து, வேலை முடிந்ததும் உடனே திருப்பி வைத்துவிடுங்கள்.

சரி, பெற்றோரே ஊட்டவில்லை என்றால்? முதல் முறை ஈனும் ஜோடிகளில் இது நடக்கும். அப்போது கையால் ஊட்டத்தான் வேண்டும், ஆனால் தனியாக அல்ல, கூடப்பிறந்தவற்றோடு ஒன்றாக வையுங்கள், முகத்தைக் காட்டாமல் ஒரு துணிக்குப் பின்னாலிருந்து இடுக்கியால் ஊட்டுங்கள். காடையை எலும்போடு அரைத்து ஈரமாகக் கொடுக்கலாம், முதல் வாரம் முடி, இறகு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீனிப்பை (தொண்டைக்குக் கீழே இரை தங்கும் பை) காலியாகாமல் அடுத்த வேளை கொடுக்காதீர்கள், பழைய இரை அதற்குள்ளேயே அழுகிவிடும். வெப்பத்தைக் குஞ்சே சொல்லும்: வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கத்தினால் குளிர். வழுக்கும் தரையில் வைத்தால் கால் விரிந்துபோகும், சொரசொரப்பான துணி விரியுங்கள்.

அங்கே குளிர்காலம் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இது வெயில் நிலத்துப் பறவை, பனி இரவில் தரையோரம் கட்டிப் போட்டால் இறக்கை நுனி வீங்கி, ரத்த ஓட்டம் நின்று, நுனி காய்ந்து உதிரும். வேட்டைக்கு விடும்போது காலில் டிராக்கர் இல்லாமல் விடாதீர்கள், அந்த நாட்டு இனம் அல்லாததால் தப்பவிடுவது 1981-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றமாகலாம். (ஊரில் இருக்கும் தம்பி, தங்கையரும் இதைப் படித்துவிட்டு வல்லூறு குஞ்சு தேடி மரம் ஏறாதீர்கள், இந்தியாவில் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதே தடை.)

நாளைக் காலை தீனி வைத்த பின் தூரத்திலிருந்து பாருங்கள். மூன்று குஞ்சின் தீனிப்பையும் உப்பியிருந்தால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள், ஒன்றுக்கு மட்டும் காலியாகவே இருந்தால் அன்றைக்கே பறவை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.