எல்க் வேட்டைக்கு எந்தத் தோட்டா? வாங்குவோர் கேள்வி-பதில்

அக்டோபரில் கொலராடோ மலைப்பக்கம் எல்க் சீசன். எனக்குக் கடித சீசன் அதற்கு நாலு மாதம் முன்பே தொடங்கிவிடும். எல்க்கைப் பார்த்திராதவர்களுக்கு: நம் ஊர்க் கடமானின் சாயல், ஆனால் அதைவிடப் பெரியது. வளர்ந்த ஆண் 300 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். இன்னொன்று, கடிதம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் தோட்டாவையும் குண்டையும் குழப்புகிறார்கள். பித்தளைக் கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. அதிலிருந்து பறந்து போவது மட்டும்தான் குண்டு. கடிதங்களில் வரும் 6.5 கிரீட்மோர், .308 போன்றவை தோட்டா வகைகளின் பெயர்கள். மேக்னம் என்றால் மருந்து அதிகம் பிடிக்கும், பலமான தோட்டா. இனி கடிதங்கள்.

கே: அடுத்த வருடம் கொலராடோவில் எனக்கு முதல் எல்க் வேட்டை. 500 கெஜம் வரை சுட வேண்டி வரலாம் என்கிறார் வழிகாட்டி. நண்பர் 6.5 கிரீட்மோர் போதும் என்கிறார். கடைக்காரர் 7எம்எம் பிஆர்சி என்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு .300 வின்செஸ்டர் மேக்னம் தவிர மற்றதெல்லாம் பொம்மைத் துப்பாக்கி. யார் சொல்வதைக் கேட்பது? (டாலஸ்)

மூன்று பேரும் அவரவர் அலமாரியில் இருப்பதைச் சொல்கிறார்கள். எல்க்கைப் போய்ச் சேரும்போது குண்டில் 1500 அடி-பவுண்ட் ஆற்றலாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று வேட்டைக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. அது சட்டமில்லை, வேதமும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான். கிரீட்மோரில் வழக்கமான 143 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) குண்டு விநாடிக்கு 2700 அடி வேகத்தில் கிளம்பினால், 385 கெஜம் வாக்கில் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். மற்ற இரண்டும் 500 கெஜத்தைத் தாண்டியும் தாராளமாகத் தாங்கும். ஸ்வீடனில் நூறு வருடத்துக்கும் மேலாக 6.5×55 தோட்டாவால் எல்க்கைவிடப் பெரிய மூஸ் மானையே சுடுகிறார்களே என்று உங்கள் நண்பர் சொல்வார். உண்மைதான், அது கிரீட்மோருக்குப் பெரியப்பா முறை. ஆனால் அங்கே சுடுவது பெரும்பாலும் காட்டுக்குள், கிட்டத்தில்.

கடைக்காரர் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் காற்று அடித்தால், 500 கெஜத்தில் அந்தக் கிரீட்மோர் குண்டு ஏறக்குறைய ஒன்றரை அடி ஒதுங்கும். 200 கிரெய்ன் குண்டு போட்ட .300 எவ்வளவு ஒதுங்கும் என்று நினைக்கிறீர்கள்? கிட்டத்தட்ட அதே அளவுதான், ஓர் அங்குலம் முன்னே பின்னே. எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமோ மொத்தமே ஒன்றரை அடி அகலத்துக்குள்தான், நடுவில் குறி வைத்தாலும் குண்டு அதற்கு வெளியே போய்விடும். காற்றைப் படிக்கத் தெரியாதவரை எந்த மேக்னமும் காப்பாற்றாது. வயிற்றில் அடிபட்ட எல்க் விடிய விடிய நடக்கும், நீங்களும் விடிய விடிய ரத்தத் தடம் தேடி நடப்பீர்கள்.

சரி, வாங்கும் விஷயம். உதை தாங்கும் தோள் இருந்தால் .300, அல்லது பழைய 7எம்எம் ரெமிங்டன் மேக்னம். இவை 1960-களின் தொடக்கத்தில் வந்தவை, மலையோரச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். சுடும்போது கண் தானாக மூடிக்கொள்கிறது என்றால் கிரீட்மோரை வாங்கி, 300 கெஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2022-ல் வந்த 7எம்எம் பிஆர்சி நல்ல தோட்டாதான், குறை சொல்ல மாட்டேன். வாங்குமுன் ஒரு பெட்டி என்ன விலை என்று மட்டும் கேளுங்கள். பெட்டிக்கு 20 தோட்டா. சீசனுக்குள் 200 தோட்டாவாவது சுட்டுப் பழக வேண்டும். பத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கே: 1000 கெஜத்தில் எல்க்கைச் சாய்க்க எந்தத் தோட்டா வாங்கலாம்? (சான் ஹோசே)

நல்ல பூட்ஸ் வாங்குங்கள். 700 கெஜம் நடந்து கிட்டே போகலாம்.

கே: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கடையில் துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கலாமா? மனைவி அமெரிக்கக் குடிமகள், அவர் பெயரில் வாங்கிவிடலாமா? (சியாட்டில்)

ஃபெடரல் சட்டப்படி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. சில விலக்குகள் உண்டு. அவற்றில் உங்களுக்குப் பொருந்துவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். லைசென்ஸ் காலாவதியான அன்றே விலக்கும் போச்சு, துப்பாக்கி பீரோவுக்குள் பூட்டியிருந்தாலும் சரி. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

மனைவி பெயரில் என்ற யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பொய்ப் பதில் எழுதினால் சிறை வரைக்கும் போகும் குற்றம். இருவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வீர்கள். மாநில விதிகள் தனி. குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள், துப்பாக்கியைவிட மலிவு.

கே: மாமனார் ஆசையாக ஆறு பெட்டி .300 தோட்டா வாங்கி வந்தார். என் .300 வின்செஸ்டர் மேக்னத்துக்குள் போகவே மாட்டேன் என்கிறது. கடையில் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். இது அநியாயம் இல்லையா? (ஹூஸ்டன்)

அவர் வாங்கியது .300 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம். பெட்டியிலேயே பெரிதாகப் போட்டிருக்கும். குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும் கூடு அது, உங்கள் துப்பாக்கியில் நுழையாது. விற்ற தோட்டாவை அமெரிக்காவில் பெரும்பாலான கடைகள் திருப்பி எடுப்பதில்லை. வெளியே போய் வந்த பெட்டிக்குள் யார் எதை மாற்றி வைத்தார்களோ என்ற பயம், நியாயமான பயம்தான். இதில் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

".300" என்பது குழல் துளையின் அகலத்தைக் குறிக்கும் குடும்பப் பெயர் மாதிரி. ஒரே தெருவில் நாலு சுப்பிரமணியம் இருந்தால் இனிஷியலைப் பார்ப்பீர்களா மாட்டீர்களா? துப்பாக்கிக் குழலில் முழுப் பெயரும் பொறித்திருக்கிறது. அதைப் போனில் படம் எடுத்து மாமனாருக்கு அனுப்ப அரை நிமிடம் ஆகியிருக்கும். உங்களுக்கு நுழையாமல் போனதே அதிர்ஷ்டம். .300 பிளாக்அவுட் என்றொரு சின்னத் தோட்டா .223 துப்பாக்கிக்குள் நுழைந்து தொலைக்கும். அப்படிச் சுட்டுத் துப்பாக்கி வெடித்துச் சிதறியவர்கள் இருக்கிறார்கள்.

கே: என் 7எம்எம் ரெமிங்டன் மேக்னம் தோட்டாப் பெட்டியில் 162 கிரெய்ன், வேகம் 2940 என்று போட்டிருக்கிறது. நண்பரின் வேகமானியில் சுட்டுப் பார்த்தால் 2815-தான் காட்டுகிறது. கம்பெனி ஏமாற்றுகிறதா? (பாய்ஸி)

வாருங்கள், இந்தக் கேள்விக்காகத்தான் பல மாதமாகக் காத்திருக்கிறேன்.

உங்கள் துப்பாக்கிக் குழல் எவ்வளவு நீளம் என்று எழுதவில்லை. 20 அங்குலமாகத்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். பெட்டியில் இருக்கும் வேகம் சோதனைக் குழலில் அளந்தது. அது பொதுவாக 24 அங்குலம், சில மேக்னம்களுக்கு 26. குழல் ஓர் அங்குலம் குறைந்தால் மேக்னம் தோட்டாவில் சுமார் 25 அடி வேகம் குறையும். நாலு அங்குலத்துக்கு நூறு அடி. மீதி, துப்பாக்கிக்குத் துப்பாக்கி இருக்கும் வித்தியாசம். ஆக, சட்டப்படி யாரும் பொய் சொல்லவில்லை. கார் விளம்பரத்தில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று போட்டு, அண்ணா சாலை நெரிசலில் அதில் பாதி கொடுப்பது போலத்தான்.

என் எரிச்சல் எங்கே என்றால், துப்பாக்கி செய்கிறவர்கள் வருடா வருடம் குழலை வெட்டிக்கொண்டே போகிறார்கள். தூக்கிக்கொண்டு மலை ஏற வசதி, முனையில் சத்தம் குறைக்கும் கருவி மாட்ட வசதி. தோட்டா செய்கிறவர்கள் பழைய நீளக் குழலில் அளந்த வேகத்தையே பெட்டியில் அச்சடிக்கிறார்கள். இரண்டையும் ஒரே கவுண்ட்டரில் வைத்து விற்கிற கடைக்காரர் வாயைத் திறப்பதில்லை. எந்த நீளத்தில் அளந்தது என்று பெட்டி முகப்பில் ஒரு வரி போட்டால் மை தீர்ந்துவிடுமா? குட்டைக் குழல் மேக்னத்தை வாங்குகிறவர், மேக்னம் விலை கொடுத்து, மேக்னம் உதை வாங்கி, அதைவிடப் பெரிய சத்தமும் கேட்டு, கடைசியில் ஒரு படி கீழே இருக்கிற தோட்டாவின் வேகத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டு போகிறார்.

இது வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். குண்டு எவ்வளவு தாழும் என்று கணக்கிடும் போன் செயலியில் பெட்டி வேகத்தைப் போட்டு, 200 கெஜத்துக்குச் சரிசெய்த ஸ்கோப்பை 600 கெஜத்துக்குத் திருகினால், உங்கள் குண்டு ஏறக்குறைய அரை அடி கீழே விழும். எல்க்கின் நெஞ்சு நடுவில் குறி வைத்தவருக்கு அந்த அரை அடியோடு வேறு சிறு பிழையும் சேர்ந்தால் முன்னங்கால்தான் கிடைக்கும். உங்கள் நண்பருக்கு ஒரு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். அவர் வேகமானி உங்களை ஒரு பாவத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறது. செயலியில் 2815 என்று மாற்றிவிட்டு, நேரில் சுட்டும் சரிபாருங்கள்.

கே: ஒரு புது மாதிரிக் குட்டை மேக்னம் துப்பாக்கி பாதி விலைக்கு வருகிறது, கூடவே 60 தோட்டா இலவசம். வாங்கலாமா? (அட்லாண்டா)

நான் வாங்கினேன். பெயர் வேண்டாம். அதைத் தயாரித்தவர்களே சில வருடங்களில் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். அப்போது எனக்கு அது தெரியாது. துப்பாக்கி அருமையாகச் சுட்டது, அதுதான் வயிற்றெரிச்சல்.

சீசன் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது கொலராடோவில் கிரெய்க் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்து, பையைத் திறந்தால் தோட்டா இல்லை. டென்வர் பக்கம் வீட்டுக் கராஜில், துணி காயப்போடும் மெஷின் மேல் மூன்று பெட்டியும் பத்திரமாக இருந்தன. ஊரில் இருந்த கடைகளில் ஏறி இறங்கினேன். கடைசிக் கடையில் ஒரு பெரியவர், நான் பெயரைச் சொன்னதும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை முழுசாக ஒருமுறை பார்த்தார். பேசவில்லை. பின்னால் திரும்பி அலமாரியைக் கையால் காட்டினார். .30-06 ஒரு வரிசை, .270 ஒரு வரிசை, 7எம்எம் ரெமிங்டன் மேக்னம் ஒரு வரிசை, .300 ஒரு வரிசை. தூசி தட்டாத ஒரு மூலையில் .308. முடிந்தது. .30-06 வந்தது 1906-ல், .270 வந்தது 1925-ல். இன்னும் அலமாரியில் நிற்கின்றன. நான் நாலு நாளும் மச்சினனின் பைனாகுலரைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

60 தோட்டா தீர்ந்த பிறகு எங்கே வாங்குவீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தடுமாறினால் வாங்காதீர்கள்.

கே: கடைகளில் கிடைக்கவில்லை என்று இணையத்தில் தேடி, ஒரு தளத்தில் பாதி விலைக்கு 400 டாலருக்குத் தோட்டா ஆர்டர் செய்தேன். ஸெல் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை) மூலம் பணம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். இப்போது தளமே இல்லை. வீட்டில் சொல்லவில்லை, வெட்கமாக இருக்கிறது. (சிகாகோ)

முதலில் வீட்டில் சொல்லுங்கள். 2020, 21-ல் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது இந்த மாதிரிப் பொய்க் கடைகள் மழைக்கால ஈசல் போலப் புறப்பட்டன. நன்றாகப் படித்தவர்கள், வருடக் கணக்காக வேட்டையாடுகிறவர்கள் எல்லாம் மாட்டினார்கள். உண்மையான கடையின் படங்களையும் முகவரியையும் அப்படியே திருடிப் போட்டிருப்பார்கள். வெட்கப்பட வேண்டியவன் உங்கள் பணத்தை எடுத்தவன்.

இன்றே வங்கியைக் கூப்பிட்டு மோசடி என்று பதிவு செய்யுங்கள். ஸெல் பணம் திரும்புவது கடினம், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் கேளுங்கள். நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் எஃப்டிசி-யின் மோசடிப் புகார்ப் பக்கத்திலும், எஃப்பிஐ-யின் இணையக் குற்றப் புகார்ப் பக்கமான ஐசி3-யிலும் புகார் எழுதுங்கள். பணம் அனுப்பிய ரசீது, மின்னஞ்சல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பக்கங்கள் எதையும் அழிக்காதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: கொஞ்ச நாளில் ஒருவர் உங்களைக் கூப்பிட்டு, "போன பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்" என்பார். அவரும் அதே கூட்டம்தான்.

அடுத்த முறை கிரெடிட் கார்டு வாங்காத தளத்தில் தோட்டா வாங்காதீர்கள்.

கே: பட்டாள உபரி 7.62 தோட்டா மலிவாகக் கிடைக்கிறது. என் .308-ல் போட்டு எல்க் சுடலாமா? (டென்வர்)

கூடாது. பட்டாளத் தோட்டாவில் இருப்பது முழு உலோக உறை போட்ட குண்டு, அது விரியாமல் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். கொலராடோ விதிப்படி விரியும் குண்டுதான், எல்க்குக்குக் குறைந்தது 85 கிரெய்ன். விதிப் புத்தகம் இலவசம், படியுங்கள்.

கே: கலிஃபோர்னியாவில் ஈயக் குண்டு கூடாது என்பதால் செம்புக் குண்டு வாங்கினேன். தூரத்தில் சரியாக வேலை செய்யாது என்கிறார்கள். பணம் வீணா? அதோடு, பழகுவதற்கு மலிவான தோட்டா வாங்கினால் போதுமா? (சாக்ரமென்டோ)

2019 ஜூலையிலிருந்து அங்கே வேட்டைக்கு ஈயம் கூடாது. காண்டார் கழுகுகள் குண்டு பட்ட இறைச்சியைத் தின்று ஈய நஞ்சில் செத்ததுதான் காரணம். செம்பு கெட்டியாக உடையாமல் உள்ளே போகும், கிட்டத்தில் அருமை. ஆனால் ஈயத்தைவிட இறுகியது என்பதால் விரிவதற்குக் கூடுதல் வேகம் வேண்டும். உங்கள் குண்டு எந்த வேகத்துக்குக் கீழே விரியாது என்பதைத் தயாரிப்பாளர் வெளியிட்டிருப்பார். உங்கள் துப்பாக்கியில் அந்த வேகம் எத்தனை கெஜத்தில் வருகிறதோ, அங்கே உங்கள் எல்லை. 350 என்றால் 350. பணம் வீணில்லை, தூரம்தான் சுருங்குகிறது.

நிதானமும் விசை அழுத்துவதும் பழக மலிவான தோட்டா போதும். ஆனால் ஸ்கோப் சரிசெய்வதும் தூரத்துக்குச் சுட்டுப் பார்ப்பதும் வேட்டைக்கு எடுத்துப் போகிற அதே தோட்டாவில்தான். வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணை, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று சொல்லும் எண்ணைப் பாருங்கள். ஒரே எண்ணில் ஐந்து பெட்டி கிடைத்தால் ஐந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பெட்டி கோடைக்கு, இரண்டு பெட்டி மலைக்கு. மலைக்கானதைக் கராஜில் வைக்காதீர்கள்.