கர்த்தருடைய வேளைக்குக் காத்திருந்து சோர்ந்துபோனால் என்ன செய்வது?

நாலு வருடமாக வேலைக்குக் காத்திருக்கிறீர்கள், எல்லாரும் "ஆண்டவர் வேளை வரும்" என்கிறார்கள், அதுவரை சும்மா இருப்பதுதான் விசுவாசமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது வேறு காத்திருப்பு. குழந்தைக்காகப் பதினொரு வருடம்.

எங்கள் சபையில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் புது வருடத்துக்கான வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள், ஆளுக்கு ஒன்று எடுப்போம். கல்யாணமான மூன்றாம் வருடம் எனக்கு வந்தது சங்கீதம் 113:9. மலடியைப் பிள்ளைத்தாய்ச்சியாக்குகிறவர் என்ற வசனம். பின்னால் நின்ற அக்கா எட்டிப் பார்ப்பதற்குள் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பீரோ கதவின் உட்புறம் ஒட்டினேன். அடுத்தடுத்த வருடங்களின் அட்டைகளும் அதன் கீழே சேர்ந்தன. சேலை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். சில நாள் தெம்பாக இருக்கும். சில நாள் கதவைப் படாரென்று சாத்துவேன்.

பதினோராம் வருடம் தத்தெடுக்கலாம் என்று இவர்தான் பேச்செடுத்தார். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால், பதிவு செய்யும் நாளில் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. எங்களுக்கு 79. வருடத்துக்கு இரண்டு இரண்டாக ஏறும் எண் அது. (வேதாகமத்தில் ஈசாக்கு பிறந்தபோது ஆபிரகாமுக்கு 100, அவர் மனைவி சாராளுக்கு 90. அவர்கள் விண்ணப்பம் முதல் பக்கத்திலேயே திரும்பியிருக்கும்.)

விஷயம் தெரிந்ததும் சபையில் ஒரு பெரியம்மா, "அவசரப்பட்டு இஸ்மவேலைத் தேடிப் போகாதீங்கம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தை எங்களை ஆறு மாதம் கட்டிப்போட்டது. தேவன் சொன்ன பிள்ளைக்குப் பொறுக்காமல் சாராள் தன் அடிமைப்பெண் ஆகாரை ஆபிரகாமுக்குக் கொடுத்தாள், அப்படிப் பிறந்தவன்தான் இஸ்மவேல். அந்த மாதிரி நாங்களும் செய்கிறோமோ?

அப்போதுதான் யோசேப்பின் கதையை மறுபடி வாசித்தேன். பதினேழு வயதில் சொப்பனம் கண்டவர், எகிப்தின் ராஜா பார்வோன் முன் நின்றபோது முப்பது. நடுவில் சிறையில் இருந்தபோது, விடுதலையாகப் போகும் பார்வோனின் பானபாத்திரக்காரனிடம், என்னை நினைத்துப் பார்வோனிடம் சொல்லும் என்று கேட்கிறார். அவன் மறந்துவிட்டான். இரண்டு வருடம் போயிற்று. மனுஷனை நம்பியதால்தான் அந்த இரண்டு வருடத் தண்டனை என்று பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆதியாகமத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. கடைசியில் பார்வோனிடம் அவரைப் பற்றிச் சொன்னதும் அதே ஆள்தான். கேட்டது வீணாகவில்லை, நேரம்தான் யோசேப்பின் கையில் இல்லை. ஆகவே நீங்கள் விண்ணப்பம் போடுங்கள், தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள். அது அவிசுவாசம் ஆகாது. இஸ்மவேல் என்ற பெயருக்கே தேவன் கேட்கிறார் என்றுதான் அர்த்தம். அதைப் பெரியம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

பதிந்துவிட்டோம். வீடு பார்க்க வந்த சமூகப் பணியாளர் அறை அறையாகப் பார்த்துவிட்டு, திறந்திருந்த பீரோ கதவருகே நின்று, "இத்தனை வருஷமாவா மேடம்?" என்றார். பிறகு ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

இப்போது தத்தெடுப்புக்கான இணையதளத்தில் எங்கள் வரிசை எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. தினமும் இரவு பார்ப்போம். குடும்ப ஜெபத்துக்கு முன்னால் பார்ப்பதா, முடித்துவிட்டுப் பார்ப்பதா என்பதில்தான் எனக்கும் இவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.