கூட்டத்தில் ஒரு முக்காலி – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாரிஸில் பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14 அணிவகுப்பைப் பார்க்கக் காலையிலேயே போய் இடம் பிடித்ததாக எழுதியிருந்தீர்கள். தேர்க் கூட்டத்துக்கே பயந்து வீட்டில் இருந்துவிடுவேன் என்று முன்பு எழுதியவரும் நீங்கள்தான். புதுச்சேரியை 1954 வரை பிடித்து வைத்திருந்தவர்களின் விழாவில் அப்படி என்ன கண்டீர்கள்? நம் ஊரில் ஒரு கொடியேற்றத்துக்காவது போயிருக்கிறீர்களா?

கா., புதுச்சேரி

அன்புள்ள கா.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். பள்ளிக்கூடத்தோடு சரி. அதுவும் மிட்டாய்க்காக.

அணிவகுப்பு நடக்கும் ஷான்ஸெலிஸே சாலைக்கு நான் நண்பருக்குத் துணையாகப் போனேன். அவர் உங்கள் ஊர்க்காரர். அப்பா சொல்தா. (உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவரைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள்.) ஜூலை 14 வந்தால் பதக்கங்களைத் துடைத்துக் குத்திக்கொண்டு, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குக் கிளம்பிவிடுவாராம். மகன் பாரிஸ் புறநகருக்குக் குடிவந்து இருபது வருடமாகிறது. அணிவகுப்பை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. போன வருடம் அப்பா இறந்துவிட்டார். இந்த வருடம் போகவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. தனியாகப் போகக் கூச்சம்.

பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போக முடிந்தது. 2016இல் இதே நாளில் நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் கூட்டத்தின் மீது ஒருவன் லாரியை ஏற்றி 86 பேரைக் கொன்றானே, அது அங்கே யாருக்கும் மறக்கவில்லை. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. காவலர் எங்கள் புளியோதரைப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

நண்பர் ஒரு மடக்கு முக்காலி கொண்டுவந்திருந்தார். நாங்கள் இருவருமே குள்ளம். ஆனால் அதில் ஏறி நின்றது எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு பாட்டி. கேட்கவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. என் தலையைப் பிடித்துக்கொண்டு ஏறினார், இரண்டு மணி நேரமும் அந்தக் கையை எடுக்கவில்லை. தெரியாத ஒருவரின் கை தலையில் இருக்கும்போது கூட்டப் பயம் எப்படியோ குறைந்துவிடுகிறது. அல்லது வேறு கவலை வந்துவிடுகிறது: அசைந்தால் விழுந்துவிடுவாரே!

காத்திருந்த நேரத்தில் நண்பர் வகுப்பெடுத்தார். 1880இல் இதைத் தேசிய நாளாக்கிய சட்டத்தில் எந்த வருடத்து ஜூலை 14 என்றே எழுதவில்லையாம். 1789இல் பஸ்தில் சிறையைப் பிடித்த நாளா, அடுத்த வருடம் நாடே கூடி ஒற்றுமை விழா எடுத்த நாளா? ரத்தம் பிடிக்காதவர்கள் இரண்டாவதை எடுத்துக்கொள்ளலாம். இத்தனை பேர் பெற்ற பஸ்திலில் அன்று இருந்த கைதிகள் ஏழே பேர்.

விமானங்கள் மூவண்ணப் புகை விட்டுக்கொண்டு போயின. டாங்கிகள் எனக்கு அலுப்பு. நடைப்படைகளில் கடைசியாக வந்த லெஜியோனை, அதாவது வெளிநாட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சுப் படையை மட்டும் மறக்க முடியாது. மற்றவர்கள் நிமிடத்துக்கு 120 அடி வைக்கும்போது இவர்கள் 88தான். முன்வரிசையில் தாடிக்காரர்கள், இடுப்பில் தோல் ஏப்ரன், தோளில் கோடரி. அந்த மெதுவான காலடி வரும்போது சாலையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

எல்லாரும் கைதட்டினார்கள். நண்பர் தட்டவில்லை. அவர் அப்பா அல்ஜீரியாவில் சண்டையிட்டவர். விடுதலை கேட்டவர்களுக்கு எதிராக, ஆண்டவர்களின் துப்பாக்கியோடு, இந்தியாவிலிருந்து போன ஒரு தமிழர். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாதாம். "பென்ஷனில்தான் என்னைப் படிக்கவைத்தார்" என்று மட்டும் சொன்னார். நீங்கள் கேட்டதைவிடக் கடினமான கேள்வியை அவர் பல வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறார். நான் பதில் சொல்ல முயலவில்லை. பாட்டியின் கை வேறு தலையில் இருந்தது.

இரவு ஐஃபெல் கோபுரத்து வாணவேடிக்கை முடிந்ததும் பக்கத்து மெட்ரோ நிலையங்கள் மூடியிருந்தன. நடந்தோம். வழியெல்லாம் அவர் பேசியது புதுச்சேரி மீன் விலையைப் பற்றி.

ஆகஸ்டில் ஊருக்கு வருகிறார். இந்தியாவோடு இணைய 1954இல் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்த கீழூரில், புதுச்சேரி சட்டப்படி இணைந்த நாளான 16ஆம் தேதி கொடியேற்றத்துக்குப் போவதாக இருக்கிறோம். நீங்களும் வாருங்கள். முக்காலியை அவர் கொண்டுவருவார்.