பைக் என்ஜின் பராமரிப்பை வீட்டிலேயே செய்யலாமா, மெக்கானிக்கிடமே கொடுத்துவிடலாமா?

கேள்வி கேட்டவர் வைத்திருப்பது கார்புரேட்டர் காலத்து 100 சிசி வண்டி. தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறார். சர்வீஸ் செலவு கையைக் கடிக்கிறது, வீடியோ பார்த்து நாமே செய்துகொண்டால் என்ன என்கிறார். போகிற போக்கில், காலையில் என்ஜினிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வருவதாகவும் சொல்லியிருக்கிறார். அதைக் கடைசியில் பார்ப்போம்.

நானும் அந்த ரோட்டில்தான் போய் வருகிறேன், மஞ்சக்குப்பத்திலிருந்து. புதுச்சேரி எல்லையிலிருக்கும் முள்ளோடை தாண்டியதும் பெட்ரோல் போட்டுக்கொள்ளும் கூட்டத்தில் நானும் ஒருவன். வண்டி பழைய ஸ்பிளெண்டர்.

முதலில் காசுக் கணக்கு. ஆயில் நீங்கள் ஊற்றினாலும் அதே விலை, மெக்கானிக் ஊற்றினாலும் அதே விலை. மிச்சமாவது கூலி மட்டும். எங்கள் தெருவில் ஆயில் மாற்ற நூறு, நூற்றைம்பது வாங்குவார்கள். அதை மிச்சம் பிடிக்க நீங்கள் ரிங் ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், ட்ரே, புனல் எல்லாம் வாங்க வேண்டும். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டுமென்றால் இன்னும் சில ஆயிரம். போட்ட காசு திரும்பி வர வருஷக்கணக்காகும். ஆகவே சிக்கனத்துக்காக இறங்குவதாக இருந்தால் இறங்க வேண்டாம். வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் தாராளமாக இறங்கலாம்.

எந்த வேலையை எடுத்துக்கொள்வது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல், அது சுலபமா கஷ்டமா என்பதல்ல. செய்தது தப்பாக இருந்தால் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடுமா? தெரியும் என்றால் நானே செய்வேன். நன்றாக ஓடுவதுபோல ஓடி, பல நூறு கிலோமீட்டர் கழித்து ரெட்டிச்சாவடி பக்கம் நடுரோட்டில்தான் தெரியவரும் என்றால் காசு கொடுத்துவிடுவேன்.

ஆயில் மாற்றுவது முதல் வகை. என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆயில் சூடாகி இளகியதும் நிறுத்தி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு அடியிலிருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். வடிந்த ஆயிலை உடனே கொட்டிவிடாதீர்கள். வெளிச்சத்தில் ட்ரேயைச் சாய்த்துப் பாருங்கள், இரண்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பது தப்பில்லை, அது அதன் வேலை. மினுமினுவென்று லேசான பொடி தெரிந்தால் அடுத்த முறையும் கவனித்துக்கொள்ளலாம். விரலில் நெருடும் அளவுக்குத் துணுக்கு வந்தால், உள்ளே ஏதோ தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தகவலை எந்த பில்லும் உங்களுக்குத் தராது. வீட்டில் ஆயில் மாற்றுவதன் உண்மையான லாபம் இதுதான்.

திரும்பப் பூட்டும்போதுதான் நிதானம் வேண்டும். என்ஜினின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டும் மல்லுக்கு நின்றால் தோற்பது அலுமினியம்தான். வாஷரைப் புதிதாகப் போட்டு, போல்ட்டை முதலில் விரலாலேயே கடைசிவரை ஏற்றுங்கள். அப்புறம் ஸ்பேனரை நுனியில் பிடிக்காமல் தலைக்குப் பக்கத்தில் பிடித்து இறுக்குங்கள், கை தானாகவே அதிக பலம் போடாது. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் ஸ்பேனர் கைப்பிடியில் பைப்பைச் சொருகி இறுக்கினான். மரை போய்விட்டது. லேத்துக்காரரிடம் கொண்டுபோய்ப் புது மரை போட்டு வாங்கினான். அந்தக் காசில் அவன் பல வருஷத்துக்கு ஆயில் மாற்றியிருக்கலாம்.

ஆயில் டப்பாவில் ஜாசோ எம்.ஏ. (JASO MA) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நம் வண்டிகளில் கிளட்ச் பிளேட் அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கிறது. மிச்சமிருக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றினால், அதில் சேர்க்கும் வழுக்கும் பொருட்களால் கிளட்ச் ஸ்லிப் ஆக வாய்ப்பு உண்டு. அளவு பார்க்கும் குச்சியை ஸ்பிளெண்டரில் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். மற்ற வண்டிகளுக்கு மேனுவலைப் பாருங்கள். மறுநாள் காலை வண்டி நின்ற இடத்தில் தரை காய்ந்திருந்தால் வேலை சரி.

பிளக் மாற்றுவதும் இதே வகைதான். என்ஜின் ஆறியபின் கழற்றி, புதியதைக் கையால் திருகி ஏற்றுங்கள். சில சுற்று லகுவாகப் போகவில்லையென்றால் மரை குறுக்கே ஏறுகிறது, கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலை ஒட்டியிருப்பவர்கள் பிளக் கேப்புக்குள்ளும் எட்டிப் பார்ப்பது நல்லது. உப்புக்காற்றில் அங்கே களிம்பு பிடித்து, மழைநாளில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் உயிரை வாங்கும்.

ஏர் ஃபில்டரில் ஒரு எச்சரிக்கை. சில வண்டிகளில் வருவது எண்ணெய்ப் பசையோடு இருக்கும் பேப்பர் ஃபில்டர். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். காற்றடித்து அப்படியே திருப்பி மாட்டும் கடைகளை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது இரண்டாவது வகை. வீடியோவில் டாப்பெட் செட்டிங், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வது, பத்து நிமிஷ வேலையாகத் தெரியும். இரண்டு மூடியைக் கழற்றி, பிஸ்டனை மேலே கொண்டுவந்து, அதைக் காட்டும் டி (T) குறியைப் பொருத்தி, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து நட்டை இறுக்குகிறார்கள். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். டி குறி கம்ப்ரஷனிலும் வரும், எக்ஸாஸ்ட் முடியும்போதும் வரும். பின்னதில் நின்றுகொண்டு செட் செய்தால் எல்லாமே தப்பு. இதைவிட மோசம், இறுக்கமாக வைத்துவிட்டால் என்ஜின் சத்தமே போடாது. லூசாக இருந்தால்தான் டிக் டிக் வரும். இறுக்கிவிட்டால் வண்டி சாதுவாக ஓடும், நாமும் சாதித்துவிட்டதாக நினைப்போம். உள்ளே வால்வு முழுசாக மூடாமல், சூடான வாயு அந்தச் சந்து வழியே போய்ப்போய் வால்வும் அது உட்காரும் சீட்டும் கருகும். கம்ப்ரஷன் குறையும், கடைசியில் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். அதனால் கருவி கையிலிருந்தும் இந்த வேலையை நான் செய்வதில்லை. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மெக்கானிக் அண்ணனிடம் விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று பார்ப்பதோடு சரி. டைமிங் செயின், கிளட்ச் பிளேட், ஆயிலைச் சுழற்றி அழுக்கைப் பிரிக்கும் உள் ஃபில்டர் என்று கேஸ்கெட்டைப் பிரிக்க வேண்டிய எதுவும் இதே கணக்குத்தான்.

நம் ஊரில் இருப்பவர்கள் வீட்டிலேயே பழகிக்கொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு: வெள்ளத்தில் முங்கிய வண்டியை என்ன செய்வது என்பது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதன்பின் தென்பெண்ணை பெருகி கடலூர்ப் பக்கமும் வெள்ளம். எந்தக் கடைக்குப் போனாலும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. முங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது, பிளக்கைக் கழற்றும்வரை கிக்கரையும் தொடக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அதை அமுக்க முடியாமல் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கிக்கரை மிதித்தால் தண்ணீர் அந்தத் துளை வழியே வெளியேறும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை வடித்துப் புது ஆயில் ஊற்றி, ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், டேங்க் மூன்றிலும் தண்ணீர் இல்லை என்று பார்த்தபின் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடியும் ஆயிலை மாற்ற வேண்டும். மெக்கானிக் கைக்கு வர ஒரு வாரம் ஆகும் நேரத்தில் இது தெரிந்திருந்தால் என்ஜின் துருப்பிடிக்காமல் தப்பும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி: ஆயில், பிளக் வரை எல்லாம் ஏறக்குறைய இதேதான். மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்தால் அதற்கான ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போய்விடுங்கள். வாரண்டி இருக்கும்வரை ஷோரூம் சர்வீஸைத் தவறவிட வேண்டாம்.

மெக்கானிக்கைத் தேர்ந்தெடுக்கவும் இந்தக் கைப்பழக்கம் உதவும். ஒருமுறை ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிளக் மாற்றியதாக பில் போட்டார்கள். பழைய பிளக்கில் நான் கீறி வைத்திருந்த கோடு அப்படியே என்னைப் பார்த்தது. அதன்பின் அங்கே போகவில்லை. இப்போது போகும் இடத்தில் "அண்ணே, மாத்தினதைக் கையில குடுத்துடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். அவரும் முகம் சுளிப்பதில்லை.

பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். நம் ஊர் மணல் தரையில் எதுவும் சீக்கிரம் கீழே இறங்கும், எல்லோர் வீட்டிலும் போர் தண்ணீர்தான். டப்பாவில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் அவர்களுடைய பேரலில் ஊற்றிக்கொள்வார்கள். செயினுக்கும் விடாதீர்கள், மண்ணைச் சேர்த்துக்கொண்டு பல்சக்கரத்தை அரைக்கும்.

அந்த டிக் டிக் சத்தத்துக்கு வருகிறேன். ஆயில் அளவை இன்றே பாருங்கள். குறைவாக இருந்தால் நிரப்பிவிட்டுக் கேளுங்கள். அளவு சரியாக இருந்தும் சத்தம் வந்தால் டாப்பெட்டாக இருக்கலாம், டைமிங் செயினாகவும் இருக்கலாம். இரண்டையும் காதால் பிரித்துச் சொல்ல அனுபவம் வேண்டும். முதல் நாள் இரவே வண்டியை மெக்கானிக் கடையில் விட்டுவிடுங்கள், காலையில் அவரே முதல் கிக் அடித்துக் கேட்கட்டும். அவர் பார்த்து முடித்தபின் அடுத்த ஆயிலை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.