விளிம்பைப் பாருங்கள்: பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்கள் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: கொள்ளுத்தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ஒரு பக்கம் அரசர் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஆடையற்ற ஒருவர், 1914, 1918 என்ற ஆண்டுகள். அவர் காட்டிய வீரத்துக்காகக் கொடுத்ததா இது?

பதில்: இது வீரப் பதக்கம் அன்று, முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கு வழங்கிய பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். வெள்ளியில் மட்டும் சுமார் 65 லட்சம் வழங்கப்பட்டன. தலை ஐந்தாம் ஜார்ஜ் மன்னருடையது. குதிரைமேல் இருப்பவர் புனித ஜார்ஜ். குதிரையின் குளம்பின் கீழே எதிரி நாடுகளைக் குறிக்கும் கழுகுக் கேடயம் மிதிபடுவதைக் காணலாம்.

லட்சக்கணக்கில் கொடுத்ததுதானே என்று பெட்டியில் திரும்பப் போட்டுவிட வேண்டாம். பதக்கத்தை நிமிர்த்திப் பிடித்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். அங்கே ஆங்கில எழுத்துகளில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். “2 க்யூ.வி.ஓ.” (குயின் விக்டோரியாஸ் ஓன்) என்பதை அடுத்து “எஸ். அண்ட் எம்.” (சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்) என்று முடிந்தால், அவர் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையில், அதாவது பாலம் கட்டவும் பதுங்குகுழி வெட்டவும் வெடி வைக்கவும் பயிற்சி பெற்ற பொறியியல் படையில் இருந்தவர் என்று கொள்ளலாம். முகப்பு எல்லாப் பதக்கத்துக்கும் ஒன்றே. உங்கள் குடும்பத்துக்கு உரியது அந்த விளிம்பு மட்டும்தான்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பதும் அதே உருவம்தான்; ஆனால் வெண்கலம். வெள்ளியை மாற்றிவிட்டார்களா?

பதில்: யாரும் மாற்றவில்லை. துப்பாக்கி ஏந்தாமல் சுமை தூக்கியும் பாதை போட்டும் உழைத்த தொழிலாளர் படையினர் பலருக்கு இதே பதக்கத்தை வெண்கலத்தில் செய்து கொடுத்தார்கள். இந்தியர், சீனர், மால்டா தீவினர் என எல்லோரையும் சேர்த்து இவை சுமார் 1,10,000 மட்டுமே. உலோகத்திலும் பேதம் பார்த்த அந்தச் சிக்கனத்தின் விளைவு, இன்று சேகரிப்பாளர்கள் வெள்ளியைவிட இந்த வெண்கலத்தைத்தான் தேடி அலைகிறார்கள்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பர்மா போர்முனையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த பர்மா ஸ்டார் பதக்கம் ஒன்று வாங்கினேன். பெயரே இல்லை. போலியா?

பதில்: பெயர் இல்லாததை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்ட இயலாது. இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களைப் பிரிட்டிஷ் அரசு தன் சொந்தப் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் படைவீரர்களுக்கு வழங்கியவற்றில்தான் பொதுவாகப் பெயர் இருக்கும். ஆகவே பெயரில்லாத பதக்கத்தைக் காட்டி, “இது இன்ன ஊர் சுபேதாருடையது” என்று கதை சொல்லி விலை ஏற்றுபவரிடம்தான் எச்சரிக்கை தேவை. வேறொரு பெயரைச் சுரண்டி அழித்துவிட்டுப் புதுப்பெயர் வெட்டுவதும் உண்டு. அப்படிச் செய்த பதக்கத்தின் விளிம்பு ஓரிடத்தில் மெலிந்திருப்பது விரலால் தடவினாலே தெரியும்.

கேள்வி: பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸைத் தமிழர் யாராவது பெற்றிருக்கிறார்களா?

பதில்: தமிழ்ப் பெயரைத் தேடுபவர்கள் அதற்கு இணையான ஜார்ஜ் கிராஸ் பட்டியலைப் பார்க்க வேண்டும். அங்கே சுபேதார் சுப்ரமணியன் இருக்கிறார். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர்.

1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற ஊருக்கு அருகே அவரும் அவருடைய ஆட்களும் கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்தார்கள். உடன் வந்த ஒருவரின் கால் ஒரு கண்ணிவெடியில் பட்டுவிட்டது. கால் பட்டதற்கும் வெடி வெடித்ததற்கும் இடையே கிடைத்தவை சில கணங்கள்தாம். அந்தக் கணங்களில் சுப்ரமணியன் விலகி ஓடாமல், மற்றவர்களைக் காப்பதற்காக அதன்மேலேயே குப்புற விழுந்து உயிர் துறந்தார். அவருடைய பதக்கம் மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு செய்தவருக்கு ஏன் விக்டோரியா கிராஸ் இல்லை என்று அடுத்து கேட்பீர்கள். எதிரியை நேருக்கு நேர் எதிர்கொண்டு காட்டும் வீரத்துக்கு உரியது விக்டோரியா கிராஸ். எதிரி கண்முன் இல்லாத இடத்தில் காட்டும் வீரத்துக்கென்று 1940 செப்டம்பரில் ஏற்படுத்தியது ஜார்ஜ் கிராஸ். கண்ணிவெடியைப் புதைத்தவன் எப்போதோ அங்கிருந்து போய்விட்டான் என்பதுதான் இங்கே வேறுபாடு. தகுதியில் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று நினைப்பது தவறு.

கேள்வி: இந்தியச் சிப்பாய்களுக்கு விக்டோரியா கிராஸ் கிடைக்காத காலம் இருந்ததாமே?

பதில்: ஆம். 1856-இல் அது தொடங்கப்பட்டபோது இந்தியச் சிப்பாய்களுக்கு அந்தத் தகுதி இல்லை, 1911-இல்தான் கொடுத்தார்கள். அதுவரை அவர்களுக்கு உரிய உயர்ந்த வீர விருதாக இருந்தது இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட். கிழக்கிந்தியக் கம்பெனி இதை 1837-இலேயே, விக்டோரியா கிராஸுக்கு 19 ஆண்டுகள் முன்பாகவே, தொடங்கிவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தகுதி கிடைத்தபின் முதன்முதலில் விக்டோரியா கிராஸுக்கு உரியதான இந்தியச் சிப்பாயின் செயல் குதாதாத் கானுடையது. 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தில் ஹாலபெக் என்ற ஊரருகே, இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் உடனிருந்தவர்கள் எல்லோரும் மாண்டபிறகும், காயத்தோடு தனியாளாகச் சுட்டுக்கொண்டிருந்தார்.

கேள்வி: கொடுத்த விக்டோரியா கிராஸைத் திரும்பப் பறிக்க முடியுமா?

பதில்: திருட்டு முதலிய குற்றங்களுக்காக எட்டுப் பேரிடமிருந்து பறித்திருக்கிறார்கள், கடைசியாக 1908-இல். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இதைக் கடுமையாக எதிர்த்தார். கொலைக்குற்றத்துக்காகத் தூக்குமேடை ஏறினாலும் அவன் அதை அணிந்தே ஏறலாம் என்பது அவருடைய கருத்து.

கேள்வி: மிக அதிக வீர விருதுகள் பெற்றவர் எத்தனை எதிரிகளைக் கொன்றிருப்பார்?

பதில்: முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் படைகளில், அதிகாரிகள் நீங்கலாக, மிக அதிக வீர விருதுகள் பெற்றவர் வில்லியம் கோல்ட்மன். அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. தீவிர சமயப் பற்றுள்ளவர். வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் படைப்பிரிவில் காயம்பட்டவர்களைத் தூக்குக்கட்டிலில் சுமந்து வந்தவர். விக்டோரியா கிராஸோடு, டிஸ்டிங்விஷ்டு காண்டக்ட் பதக்கத்தை இருமுறையும் மிலிட்டரி மெடலை இருமுறையும் பெற்றார். போர் முடிந்து ஊர் திரும்பியபின் தோட்ட வேலை பார்த்தார்.

கேள்வி: கறுத்துப்போன பதக்கத்தை எதைக் கொண்டு துலக்குவது?

பதில்: எதைக் கொண்டும் துலக்காதீர்கள். மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் தட்டி, அமிலமில்லாத தாளில் சுற்றி வைத்தால் போதும். நாடாவில் தண்ணீர் படக்கூடாது. ஒரு வீட்டில் ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவந்த பதக்கம் ஒன்றை என்னிடம் காட்டினார்கள். அரசரின் தலை பளபளத்தது. விளிம்பில் படை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களும் “சிப்பாய்” என்ற சொல்லும் தெரிந்தன. பெயர் இருந்த இடம் வழவழவென்று இருந்தது.