பெரிய டைல்ஸ் தரை: எங்கே இடைவெளி, எந்த பீடிங்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றித்தான். தரை அகலமாக ஆகிவிட்டது, டைல்ஸும் பெரிதாகிவிட்டது, ஆனால் தரை அசைய இடம் விடுகிற வழக்கம் மட்டும் நம் வேலைகளில் இன்னும் வரவில்லை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

வீடு கட்டி நான்கு வருடம் ஆகிறது. ஹால் 18-க்கு 42 அடி. ரெண்டுக்கு ரெண்டு விட்ரிஃபைடு டைல்ஸ், நடுவே இடைவெளியே விடாமல் ஒட்டிய பேப்பர் ஜாயின்ட். போன வாரம் விடியற்காலையில் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் நடு ஹாலில் இரண்டு வரிசை ஒன்றையொன்று முட்டி எழும்பி நிற்கிறது. டைல்ஸ் மட்டமா, வேலை மட்டமா? (மதுரை)

டைல்ஸ் மட்டமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரு சோதனை செய்து பாருங்கள். எழும்பிய டைல்ஸை எடுத்துத் தூசி தட்டி, அதே இடத்தில் அதே வரிசையில் திரும்ப வையுங்கள். உட்காராது. சில மி.மீ. இடம் குறையும். நான்கு வருடத்துக்கு முன் பொருந்திய டைல்ஸுக்கு இன்று இடம் பற்றவில்லை என்றால், தரை இரண்டு பக்கமிருந்தும் நெருக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

நெருக்குவது பெரும்பாலும் கீழே இருக்கும் கான்கிரீட்தான். புது கான்கிரீட்டும் அதன் மேல் போட்ட கலவையும் காயக் காயச் சுருங்கும். மாதக்கணக்கில், சில இடங்களில் ஓரிரு வருடம்கூட இது நடக்கும். மேலே ஒட்டியிருக்கும் டைல்ஸ் சுருங்காது. அப்புறம் தட்பவெப்பம். கான்கிரீட் வெப்பத்துக்கு விரிவதும் குளிருக்குச் சுருங்குவதும் விட்ரிஃபைடு டைல்ஸைவிட அதிகம். அதனால் விடியற்காலைக் குளிரில் கீழே உள்ள கான்கிரீட் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கி, மேலே உள்ள டைல்ஸை இன்னும் இறுக்கும். குளிர்ந்த நேரத்தில் டைல்ஸ் தூக்குவதை நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். காரணம் இதுதான்.

இந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்ள பேப்பர் ஜாயின்டில் இடமே இல்லை. சுவரோரத்தில் இடைவெளி இருந்திருந்தால் அங்காவது போயிருக்கும். அங்கே கலவையை அடைத்து, மேலே ஸ்கர்ட்டிங்கும் ஒட்டியிருப்பார்கள். கடைசியில் பிடிமானம் எங்கே குறைவோ அங்கே வெடித்துக் கிளம்புகிறது. எடுத்த டைல்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். கடையிலிருந்து வந்த மாதிரி சுத்தமாக இருந்தால், சிமென்ட் பால் ஊற்றி ஒட்டியிருக்கிறார்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். வெறும் சிமென்ட் பால் அதைப் பிடிக்காது, அதற்கான டைல் பசை, அதாவது அட்ஹெசிவ்தான் வேண்டும். ஆக, வேலையில்தான் குறை. ஒட்டியதிலும் குறை, இடம் விடாததிலும் குறை.

இனிச் செய்ய வேண்டியது: ஹால் முழுவதும் தட்டிப் பார்த்து, டொக்கென்று காலிச் சத்தம் வரும் டைல்ஸைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு எடுத்துவிடுங்கள். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, சுவரோரம் முழுக்க 8 முதல் 10 மி.மீ. அகலத்துக்கு, டைல்ஸும் கலவையும் சேர்ந்து அறுபடும்படி வெட்டச் சொல்லுங்கள். 42 அடி நீளத்தின் நடுவில் குறுக்காக ஒரு மூவ்மென்ட் ஜாயின்ட் கொடுங்கள், அதாவது தரை அசைவதற்காக விட்டு, இழுபடும் பொருளால் அடைக்கிற இடைவெளி. டைல்ஸ் எழும்பிய வரிசை நடுவில்தான் என்பதால் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். திரும்ப ஒட்டும் டைல்ஸை ஓரத்தில் சில மி.மீ. வெட்டித்தான் உட்கார வைக்க வேண்டியிருக்கும். இடம் பற்றவில்லை என்று பக்கத்து டைல்ஸை நெம்பி நுழைக்க விடாதீர்கள். அடுத்த குளிருக்கு மறுபடியும் தூக்கும்.

கல்யாண மண்டபம் கட்டுகிறோம். கூடம் 110-க்கு 60 அடி, 600-க்கு 600 டைல்ஸ். எத்தனை ஜாயின்ட் வேண்டும், எங்கெங்கே? கோடு கோடாகத் தெரிந்தால் அழகு கெடும் என்கிறார் ஆர்க்கிடெக்ட். (நாமக்கல்)

வட அமெரிக்க டைல்ஸ் அமைப்பான டி.சி.என்.ஏ.வின் கையேட்டில் இ.ஜே. 171 என்ற பகுதி இதற்கென்றே இருக்கிறது. உள்தரையில் இரண்டு திசையிலும் 25 அடிக்குள் ஒரு ஜாயின்ட். வெயில் நேராக விழும் இடத்திலும் ஈரம் படும் இடத்திலும் 8 முதல் 12 அடிக்குள் ஒன்று. சுவர், தூண், படி என்று தரை எதில் போய் முட்டினாலும் அங்கே ஓர இடைவெளி. நம் ஊர் வெயிலுக்கு இதைவிடத் தளர்வாகப் போக நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் கூடத்துக்கு இது அழகாகப் பொருந்துகிறது. ஜாயின்டுகளுக்கு நடுவே வரும் தரைப் பகுதியைப் பாத்தி என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் 22 அடிக்கு ஒன்றாக ஐந்து பாத்தி, அகலவாக்கில் 20 அடிக்கு ஒன்றாக மூன்று பாத்தி. மொத்தம் பதினைந்து, எல்லாமே கிட்டத்தட்ட சதுரம். நீளமாக ஒடுங்கிய பாத்தியைவிடச் சதுரப் பாத்தி நல்லது. வாசல் பக்கம் பெரிய கண்ணாடி வைத்து வெயில் உள்ளே வருகிறதென்றால், அந்தப் பாத்திகளை மட்டும் பாதியாக்கி 11 அடிக்கு ஒன்று கொடுங்கள்.

அழகைப் பற்றி ஆர்க்கிடெக்ட் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் முதல் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் கோட்டை வரைபடத்தில் போட்டுவிட்டால் அழகு கெடாது, கூடும்கூட. கோடு தூண் வரிசையோடும் மேலே உத்தரம் போகும் இடத்தோடும் ஒத்துப்போகட்டும். 600 மி.மீ. என்பது முழு இரண்டடி அல்ல என்பதையும் கவனியுங்கள். டைல்ஸுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி விடும் ஸ்பேசரோடு 55 டைல்ஸ் வைத்தாலும் 110 அடியில் ஓரடிக்கு மேல் மிச்சம் வரும். அதை ஒரு மூலையில் ஒல்லித் துண்டாகத் தள்ளாமல், 54 முழு டைல்ஸ் வைத்து இரண்டு ஓரத்திலும் சுமார் 48 செ.மீ. துண்டாகப் பிரியுங்கள். ஓரப் பாத்தி கொஞ்சம் பெரிதாகும், அப்போதும் 25 அடிக்குள்தான் இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் செலவு பார்க்காதீர்கள். மண்டபத்தில் நாற்காலி அடுக்கிய வண்டியும் அண்டா ஏற்றிய தள்ளுவண்டியும் ஓடும். வெறும் சீலன்ட் (ரப்பர் போல இழுபடும் அடைப்புப் பசை) அடித்த இடைவெளியில் சக்கரம் இறங்கி ஏறினால் டைல்ஸ் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். அதனால் இரண்டு பக்கமும் உலோக விளிம்பும் நடுவில் ரப்பரும் உள்ள ரெடிமேட் ப்ரொஃபைலைப் போடுங்கள். ஓட்டை போட்ட அதன் இறக்கை அட்ஹெசிவுக்குள் புதைய வேண்டும். அதனால் டைல்ஸ் ஒட்டும்போதே வைக்கிற பொருள் அது, பிறகு சொருக முடியாது. பந்திக் கூடம் தினமும் கழுவப்படும், அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள்.

டைல்ஸ் இடுக்கில் எபாக்ஸி கிரவுட் நிரப்பினால் மூவ்மென்ட் ஜாயின்ட் தேவையில்லை என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா? (சேலம்)

இல்லை. எபாக்ஸி கறை பிடிக்காது, தண்ணீர் இறங்காது. ஆனால் அது சிமென்ட் கிரவுட்டைவிடக் கடினமான பொருள். அசைவை அது துளியும் வாங்காது.

மொட்டை மாடி 30-க்கு 40 அடி. வெள்ளை கூல் டைல்ஸ் போட்டு இரண்டு கோடையாகிறது. இப்போது கைப்பிடிச் சுவரின் அடியில் வெளிப்பக்கம் நீளவாக்கில் விரிசல். சில டைல்ஸும் தூக்கியிருக்கிறது. (தஞ்சாவூர்)

கணக்கு போட்டுப் பார்ப்போம். டைல்ஸ் தரை ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு டிகிரிக்கு சுமார் 0.007 மி.மீ. விரியும். பத்து மீட்டர் தரை விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் 40 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. கீழே உள்ள கான்கிரீட் தளம் இதைவிட அதிகம் விரியும். இந்த விரிவு முழுவதும் கைப்பிடிச் சுவரின் அடியில் போய் முட்டுகிறது. டைல்ஸும் தளமும் சேர்ந்து தள்ளியதில்தான் அந்தச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது. வெள்ளை டைல்ஸ் சூட்டைக் குறைக்கும், விரிவை நிறுத்திவிடாது. நல்ல வெயில் காய்ந்த மாடியில் திடீரென்று ஒரு மழை விழுந்தால் எல்லாம் ஒரே மூச்சில் சுருங்கும். இப்படி நாள்தோறும் இழுபடும் தரை வீட்டுக்குள் எங்கேயும் கிடையாது.

பழைய வீடுகளில் சுண்ணாம்புக் கலவையில் தட்டோடு பதித்த மாடிகள் இவ்வளவு முரண்டு பிடிக்கவில்லை. சுண்ணாம்பு மிருதுவானது, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சிமென்டும் அட்ஹெசிவும் இறுக்கமானவை, அங்கே இடத்தை நாம்தான் விட வேண்டும்.

மாடிக்கு 10 அடிக்கு ஒரு ஜாயின்ட் கொடுங்கள். 30 அடியில் மூன்று, 40 அடியில் நான்கு, ஆகப் பன்னிரண்டு பாத்தி. ஜாயின்ட் அகலம் 10 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 12 இருந்தால் நல்லது. கைப்பிடிச் சுவரோரம் நான்கு பக்கமும் அதே அகலம். வாட்டம் மாறுகிற மடிப்புக் கோட்டில் ஒரு ஜாயின்ட் விழுகிற மாதிரி பிரித்தால் அங்கே டைல்ஸ் உடைவதும் நிற்கும். சீலன்டை மட்டும் நம்பித் தண்ணீரைத் தடுக்க முடியாது. டைல்ஸுக்குக் கீழே வாட்டர்ப்ரூஃபிங் முழுசாக இருக்க வேண்டும். ஜாயின்ட் வெட்டும்போது பிளேடு அதைக் கிழித்துவிடும் ஆபத்து உண்டு, ஆழத்தை அளந்து வைத்து வெட்டச் சொல்லுங்கள். சுவர் விரிசலைப் பூசுவது இதெல்லாம் முடிந்த பிறகு. முதலில் பூசினால் திரும்பவும் விடும்.

ஜாயின்டில் என்ன அடிப்பது? கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கான் போதாதா? (ஈரோடு)

அடிக்கும்போது காடி வாடை வருகிறதா என்று பாருங்கள். அந்த வகை அசிட்டிக் சிலிக்கான். கண்ணாடிக்கு நல்லது, மார்பிளுக்கும் சிமென்ட் பரப்புக்கும் ஆகாது. மார்பிள் ஓரமென்றால் கல்லுக்கென்றே உள்ள நியூட்ரல் சிலிக்கான். ஆள் நடமாடும் தரைக்கு பாலியூரித்தேன் சீலன்ட் வாங்குங்கள். டப்பாவில் ஷோர் ஏ (ரப்பர் போன்ற பொருளின் கடினத்தைச் சொல்லும் அளவு) 35-க்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைவிட மிருதுவாக இருந்தால் குதிகால் செருப்பு குத்திக் கிழிக்கும்.

பொருளைவிட அடிக்கிற முறையில்தான் அதிகம் கெடுகிறது. இடைவெளியை ஊதி, உறிஞ்சி, தூசியில்லாமல் காயவிட வேண்டும். பிறகு பேக்கர் ராட் என்ற ஃபோம் கயிறு. 10 மி.மீ. இடைவெளிக்கு 12 அல்லது 13 மி.மீ. தடிமனில் வாங்கி அழுத்தி இறக்கினால் தானே நிற்கும். மேலே சீலன்ட் 6 மி.மீ. ஆழம் போதும். ஆழம் கூடினால் பலம் கூடும் என்று நினைத்து அடிவரை நிரப்புகிறார்கள், அது தப்பு. சீலன்ட் இரண்டு பக்கவாட்டில் மட்டும் ஒட்டியிருந்தால்தான் இழுபடும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் மூன்று பக்கமும் இழுத்துப் பிய்ந்துவிடும். ராட் வைக்க ஆழம் இல்லாத இடத்தில் அடியில் ஒரு பாலிதீன் டேப்பாவது ஒட்டிவிட்டு அடியுங்கள்.

படி விளிம்புக்கும், டைல்ஸ் முடிந்து மரத்தரை தொடங்கும் இடத்துக்கும் பீடிங், அதாவது விளிம்புப் பட்டை, போட வேண்டும். அலுமினியமா, பித்தளையா, ஸ்டீலா? வீடு கடற்கரைக்கு அருகில். (தூத்துக்குடி)

உப்புக் காற்றுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 புள்ளி புள்ளியாகத் துருக்கறை காட்டும். பித்தளை நிறம் மாறினாலும் கெடாது, மெருகேற்றும் பொறுமை உள்ளவர்கள் போடலாம். அலுமினியம் விலை குறைவு. உலர்ந்த உள்ளறைகளுக்குச் சரி, ஆனால் ஈரச் சிமென்ட் அதை அரிக்கும். இறக்கைக்கு அடியில் அட்ஹெசிவ் இடைவெளியில்லாமல் நிறைந்திருக்க வேண்டும், மேலே வழிந்ததை உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

எந்த உலோகம் வாங்கினாலும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வேலை முடிந்த அன்று ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது. நம் ஊரில் அது பழக்கமாகவே ஆகிவிட்டது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அலுமினியத்தைக் கருக்கும், ஸ்டீலைக்கூடக் குழி விழ வைக்கும், கிரவுட்டையும் தின்றுவிடும்.

பீடிங்கின் உயரம் டைல்ஸ் தடிமனுக்கு ஏற்ப வாங்க வேண்டும், அதனால் டைல்ஸை முதலில் முடிவு செய்யுங்கள். மேல்மட்டம் டைல்ஸோடு சமமாக இருக்கட்டும். அரை மி.மீ. தூக்கினாலும் காலில் இடறும். டைல்ஸை அதில் இடித்து வைக்காமல் 2 மி.மீ. விட்டு கிரவுட் நிரப்புங்கள். படியில் வழுக்காத கோடு போட்ட நோசிங் (படி விளிம்புப் பட்டை), டைல்ஸ் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபடும் நிறத்தில் இருந்தால், வயதானவர்களுக்கு விளிம்பு தெரியும்.

நடுவில் பதிக்கும் பித்தளைப் பட்டை மூவ்மென்ட் ஜாயின்ட் ஆகிவிடாது. அழகுக்கு மட்டும்தான் அது. மரத்தரை பக்கம் மரத்துக்கென்று தனி இடைவெளி வேண்டும், அதை மேலே மூடுகிற பட்டை இரண்டு தரையையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது.

பள்ளியின் பழைய கட்டடமும் புதுக் கட்டடமும் சேரும் இடத்தில் வராந்தா டைல்ஸ் ஒரே நேர்கோட்டில் உடைகிறது. மூன்று முறை மாற்றிவிட்டோம். (திருநெல்வேலி)

மாற்றிக்கொண்டே இருந்தால் உடைந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே கட்டடத்தின் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் இருக்கிறது. 45 மீட்டருக்கு மேல் நீளமான கட்டடத்துக்கு இப்படிப் பிரிவு கொடுப்பதை இந்தியக் கான்கிரீட் தரநிலையான ஐ.எஸ். 456 வழக்கமாகவே சொல்கிறது. பழையதும் புதியதும் சேரும் இடத்தில் நீளம் குறைவானாலும் பிரிவு வரும், இரண்டும் ஒரே அளவில் அமராது. இந்த ஜாயின்டை நம் வசதிக்கு நகர்த்த முடியாது. கீழே எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலே, அதே அகலத்தில், கலவையிலும் டைல்ஸிலும் வர வேண்டும். டைல்ஸின் நடுவில் விழுந்தால் டைல்ஸைத்தான் வெட்ட வேண்டும். மேலே சாதாரண ப்ரொஃபைல் பற்றாது. அந்த இடைவெளி எவ்வளவு திறந்து மூடும் என்று கட்டட இன்ஜினீயரிடம் கேட்டு, அந்த அளவு தாங்கும் கவர் ப்ளேட் வாங்குங்கள். ப்ளேட்டை ஒரு பக்கம் மட்டும் திருகாணி போட்டு இறுக்குகிற வகையென்றால், மறுபக்கமும் முடுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஓடும் இடம், விளிம்பு சரிவாக இருக்கட்டும்.

அறைக்கும் ஹாலுக்கும் நடுவே வாசல்படி இல்லாமல் ஒரே தரையாக ஓட்டலாமா? (கோயம்புத்தூர்)

ஓட்டலாம். ஆனால் நிலைக்கு நடுவே ஒரு மூவ்மென்ட் ஜாயின்ட் வேண்டும். தரை குறுகி மறுபடி அகலமாகிற இடம் அது, விரிசல் முதலில் அங்கேதான் கிளம்பும். கதவைச் சாத்தினால் பலகைக்கு நேர் கீழே வரும்படி கோட்டை வையுங்கள், இரண்டு அறையிலிருந்தும் தெரியாது. நிலைக்காலின் அடியைச் சுற்றி டைல்ஸை இறுக்கி வெட்டாமல் 5, 6 மி.மீ. விட்டு, அதே நிறச் சீலன்ட் அடிக்கச் சொல்லுங்கள்.