வாசகர் கேள்வி–பதில்: பழைய வண்டி காட்டும் கோடு (கோளாறு எண்)

கேள்வி: 1991 மாடல் ஜிஎம் பிக்கப். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. சோதனை கனெக்டரில் ஜம்பர் (இணைப்பு ஒயர்) போட்டு, விளக்கு மின்னுவதை எண்ணிப் பார்த்ததில் 12, 15 என்று இரண்டு கோடு வருகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது), டெம்பரேச்சர் சென்சார் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே வேண்டாம். எஞ்சின் சுழலாததால் அதிலிருந்து பல்ஸ் வரவில்லை என்பதுதான் 12-க்கு அர்த்தம். சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் அந்த கனெக்டரின் ஏ, பி பின்களை இணைத்தால் இந்த வகை ஜிஎம் வண்டிகளில் அது மூன்று முறை வரும். சிஸ்டம் பேசுகிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவே. பிறகு பதிவான கோடு ஒவ்வொன்றும் மூன்று முறை மின்னும். முடிந்ததும் மறுபடி 12. ஒரு மின்னல், சின்ன இடைவெளி, ஐந்து மின்னல் என்றால் 15.

அந்த 15-ம் சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. கூலன்ட் சென்சார் (நீங்கள் சொன்ன டெம்பரேச்சர் சென்சார்தான்) சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்றுதான் சொல்கிறது. சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் சென்சார் இது. ஒயர் அறுந்தாலோ ப்ளக் கழன்றாலோ, கம்ப்யூட்டருக்கு எஞ்சின் கடுங்குளிரில் இருப்பதுபோல் தெரியும். எனவே சென்சார் ப்ளக்கைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். சாவி ஆஃபில் இருக்க, இசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஃப்யூஸை அரை நிமிடம் உருவி பழைய கோடை அழித்துவிட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு மறுபடி படியுங்கள். இப்போது 14 (அதே சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைவு) வந்தால் ஒயரும் கம்ப்யூட்டரும் சரி, சென்சாரை மாற்றலாம். 15-ஏ வந்தால் புதுச் சென்சார் போட்டும் விளக்கு அணையாது: ஒயர், ப்ளக்கில் பச்சைப் பூப்பு, கடைசியாகத்தான் கம்ப்யூட்டர். மீட்டர் இருந்தால் சென்சாரையே அளக்கலாம். 20 டிகிரி செல்சியஸில் சுமார் 3,500 ஓம், 100 டிகிரியில் 180 ஓமுக்கு அருகே காட்ட வேண்டும்.

கேள்வி: 1993 டொயோட்டாவில் சோதனை கனெக்டரின் டிஇ1, இ1 துளைகளை இணைத்தேன். விளக்கு நிற்காமல் ஒரே சீராக மின்னுகிறது. எப்படி எண்ணுவது?

பதில்: எண்ண ஒன்றுமில்லை, கோடு எதுவும் பதிவாகவில்லை. அதே கனெக்டரில் +பி என்ற துளையில் பேட்டரி மின்சாரம் வரும். மூடியின் உட்புறம் அச்சிட்ட பெயரைப் பார்த்த பிறகே ஒயரைச் செருகுங்கள். பழைய வண்டி வாங்குபவர்களுக்கு ஒன்று: சாவி போட்டதும் இந்த விளக்கு எரியவே இல்லை என்றால் மகிழ வேண்டாம். பல்பை யாராவது கழற்றியிருக்கலாம்.

கேள்வி: கார் ஸ்கேனரை 9 பின் அடாப்டர் போட்டு 24 வோல்ட் லாரியில் மாட்டலாமா? லாரி காட்டும் கோடு எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 4 என்றால் ஆயில் பிரஷர் குறைந்துவிட்டதா?

பதில்: மாட்டாதீர்கள். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும். 12 வோல்டுக்கு மட்டும் செய்த ஸ்கேனர் 24-ல் கருகிவிடும். தப்பினாலும் லாரியின் கம்ப்யூட்டர்கள் பேசும் ஜே1939 என்ற மொழி அதற்குப் புரியாது. 24 வோல்ட் தாங்கும், ஜே1939 படிக்கும் கருவி வேண்டும்.

எஸ்பிஎன் எந்த இடம் என்று சொல்லும், எஃப்எம்ஐ எந்த மாதிரிக் கோளாறு என்று சொல்லும். 100 ஆயில் பிரஷர். 4 என்றால் அந்தச் சிக்னலின் வோல்டேஜ் இயல்பைவிடக் குறைவு. ஒயர் ஷார்ட்டா, ப்ளக்கில் ஆயில் ஊறியிருக்கிறதா, சென்சார் போய்விட்டதா என்று அந்த வரிசையில் பாருங்கள். எதற்கும் முதலில் டிப் ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பார்த்துவிடுங்கள். அதே 100-உடன் எஃப்எம்ஐ 1 வந்தால் கதையே வேறு: சென்சார் சரி, பிரஷர்தான் நிஜமாகவே ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது. எஞ்சினை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.